வேலை பழக எந்தப் பழைய கெப்?

அக்காவின் மகனுக்கு 22 வயது. மட்டக்களப்புப் பக்கம் கொக்கட்டிச்சோலையில் உழவு மெஷின் திருத்தும் கொட்டில் ஒன்றில் இரண்டு வருடமாக நிற்கிறான். இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டருக்குக் கிளச் தட்டு மாற்றுவான், நாலு சில்லு மெஷினுக்கு டீசல் பில்டர் மாற்றி, குழாயில் சிக்கிய காற்றும் எடுப்பான். சீட்டு எடுத்த காசு கைக்கு வந்ததும் என்னிடம் வந்து நின்றான். "மாமா, பழைய கெப் ஒண்டு எடுத்துக் கழட்டிப் பூட்டிப் பழகப்போறன். பழகினாப் பிறகு வெள்ளாமை வெட்டுக்குள்ள ஹயருக்கு விடலாம்." கெப் என்றால் பின்னால் சாமான் ஏற்றும் பிக்கப். கையில் மூன்று வாகனத்தின் படமும் வைத்திருந்தான். ஆரையம்பதியில் ஒரு டொயோட்டா ஹைலக்ஸ், அம்பாறையில் ஒரு மிட்சுபிசி எல் 200, செங்கலடியில் ஒரு நிசான். மூன்றும் தொண்ணூறுகளில் வந்தவை, மூன்றும் டீசல், மூன்றும் பின் சில்லு மட்டும் இழுப்பவை.

நான் மெக்கானிக் இல்லை. பதினைந்து வருடம் பழைய கெப் வைத்திருந்து, பாதி வேலையை நானே செய்து, மீதிப் பாதியைக் கெடுத்து கராஜுக்குக் கொண்டுபோனவன். ஆகவே புத்தியைவிடப் பட்டறிவு கொஞ்சம் கூட. இரண்டு நாள் எடுத்து மூன்றையும் போய்ப் பார்த்தோம்.

"எது மாமா நல்ல வாகனம்?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தான். ஓடுவதற்கு வாங்குகிறவன் கேட்கிற கேள்வி அது. பழகுகிறவன் வேறு கணக்குப் பார்க்க வேண்டும்: எத்தனை வேலையைத் தன் கையாலேயே முடிக்கலாம், ஒரு பிழை விட்டால் எவ்வளவு காசு போகும், சாமான் வாங்க எவ்வளவு தூரம் பஸ் ஏற வேண்டும். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் ஊர் சொல்லும் நல்ல வாகனம் சில நேரம் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

முதலில் மூன்றுக்கும் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். அடியில் ஏணி மாதிரி ஒரு இரும்புச் செசி, பின்னால் தட்டு ஸ்பிரிங். நாலு சிலிண்டர், டர்போ இல்லாத எஞ்சின். டீசலைப் பங்கிட்டு அடிப்பது சுழலும் வகைப் பம்ப். கம்ப்யூட்டர் கிடையாது. டீசல் சுழல் அறைக்குள் போய் எரிகிற வகை என்பதால், காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் ஹீட்டர் பிளக் சூடாக வேண்டும். இந்த மாதிரி எஞ்சினுக்கு வேண்டியது நல்ல கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை இறுக்கும் அழுத்தம்), காற்றுக் கலக்காத டீசல், அந்த டீசலை அடிக்கும் சரியான நேரம். காற்று எடுப்பது, ஹீட்டர் பிளக்கைச் சோதிப்பது, பிரேக், கிளச், வீல் பேரிங் எல்லாம் ஒன்றில் படித்தால் மற்ற இரண்டுக்கும் கை வரும். பம்பை மட்டும் எதிலும் திறக்கக் கூடாது. அதைக் கழற்றி டீசல் பம்ப் வேலை செய்யும் இடத்துக்கு அனுப்புவதுதான் நம் வேலை.

வித்தியாசம் எஞ்சினின் முன்பக்கத்திலும் மேல்பக்கத்திலும் இருக்கிறது. வால்வைத் திறக்க வைக்கும் கேம் ஷாப்டைச் சுற்றுவது பெல்ட்டா பல்சக்கரமா, வால்வின் இடைவெளியை எப்படிச் சரிசெய்வது என்ற இரண்டும்தான் பழகுகிறவனுக்குப் பெரிய விஷயம்.

ஹைலக்ஸிலிருந்து தொடங்குவோம். எஞ்சின் 2எல், 2446 சீசீ. இதன் அண்ணன் 3எல், 2779 சீசீ. டொல்பின் ஹையேஸ் வேன்களில் 3எல்லைக் காணலாம். இரண்டுக்கும் பல சாமான் ஒன்றுக்கொன்று பொருந்தும். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரைக்கும் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அந்த வீதியில் எந்த ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் ஏறினாலும் 2எல்லுக்கு ஏதாவது ஒரு கஸ்கட் தொங்கும். கல்முனையில் ஒரு கடைக்காரர் இவனிடம் சொன்னது: "தம்பி, வாகனத்தின்ட பேரச் சொல்லாதீங்க, எஞ்சின்ட பேரச் சொல்லுங்க." பழகுகிறவன் முதலில் பாடமாக்க வேண்டியது அதுதான். ஹைலக்ஸ் என்றால் ஆயிரம் கேள்வி வரும், 2எல் என்றால் சாமான் மேசைக்கு வந்துவிடும்.

2எல்லின் கேம் ஷாப்டை டைமிங் பெல்ட் சுற்றுகிறது. அதே பெல்ட்டுத்தான் டீசல் பம்பையும் சுற்றுகிறது. 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நினைவூட்ட மீற்றரில் ஒரு விளக்கும் எரியும். ஆனால் முப்பது வருடப் பழைய வாகனத்தில் அந்த விளக்கை நம்பி இருப்பவன், சோதிடம் பார்த்து மழைக்குக் குடை எடுப்பவன் மாதிரி. வாங்கியவுடன் மாற்றிவிட வேண்டும். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வில் அடிக்கும், சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டைக் கழற்றாமல் தப்ப முடியாது.

பெல்ட் மாற்றுவது பழகுகிறவன் செய்யக்கூடிய வேலை. அடையாளங்களைப் பொருத்தி, இழுப்புச் சக்கரத்தை விட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, அடையாளம் மறுபடியும் நேரே வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான் முதல்முறை செய்தபோது அந்த இரண்டு சுற்றைச் சுற்றவில்லை. பம்பின் பக்கம் ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆனது, ஆனால் வெள்ளைப் புகை முற்றத்தை மூடியது. மூன்று நாள் டீசலைத் தெளிக்கும் நொசில், ஹீட்டர் பிளக், டீசல் என்று எல்லாவற்றையும் குற்றம் சொல்லிவிட்டுக் கடைசியில் கவரைக் கழற்றினேன். என் கையே செய்த பிழை.

வால்வு இடைவெளி விஷயத்தில் ஹைலக்ஸ் கொஞ்சம் இறுக்கம். 2எல்லின் பிந்திய வகையிலும் 3எல்லிலும் வால்வுக்கு மேல் கிண்ணம் மாதிரி ஒரு சாமான், அதன் மேல் வட்டத் தகடு. இடைவெளி பிழை என்றால் சரியான தடிப்பில் வேறு தகடு வாங்கிப் போட வேண்டும், கிண்ணத்தை அமுக்கிப் பிடிக்க ஒரு கருவியும் வேண்டும். அளந்து பார்க்கலாம், சரிசெய்யக் கராஜ் படி ஏற வேண்டிவரும். அடிக்கடி வருகிற வேலை இல்லை என்பது ஆறுதல்.

இனி விலை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் ஓடுகிற எந்தப் பழைய இரும்பும் தங்கமானது. ஹைலக்ஸோ அதற்கு முன்னமே தங்கம். ஆரையம்பதிக்காரர் கேட்டது செங்கலடி நிசானின் விலையைப்போல் ஒன்றரை மடங்கு. பிறகு விற்றால் அந்தக் காசு வரும் என்பது உண்மைதான். ஆனால் இவன் அந்த வாகனத்தைச் சுற்றி நடந்த விதத்தைப் பார்த்தேன். போனட்டைக் கூட மெதுவாகத்தான் மூடினான். இருக்கிற காசெல்லாம் போட்டு வாங்கியவன் ஹெட்டைக் கழற்றத் துணிவானா?

அதைவிடப் பெரிய விஷயம், கடல். ஆரையம்பதியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கீழே சாக்கு விரித்துப் படுத்து, பின் ஸ்பிரிங் தொங்கும் இடத்தில் செசியைச் சுத்தியலால் தட்டினேன். நல்ல செசி மணி மாதிரிச் சத்தம் தரும். இது பூசணிக்காயைத் தட்டிய சத்தம் தந்தது, கூடவே துருத் தகடு உதிர்ந்து முகத்தில் விழுந்தது. மேலே பளபளவென்று பெயின்ட். வெல்டிங் வைத்துத் தட்டுப் போடலாம், ஆனால் அது தகடு வேலை செய்யும் டிங்கரிங் பாஸின் வேலை, எஞ்சின் பழகுகிறவனின் வேலை இல்லை. போதாததற்கு எஞ்சினில் கொத்தியிருந்த இலக்கமும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருந்த இலக்கமும் வேறு வேறு. இந்தப் பக்கத்துப் பழைய கெப்களில் எஞ்சின் மாற்றுவது புதுமை இல்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிந்திருந்தால் பிரச்சினை இல்லை, பதியாவிட்டால் கைமாற்றும்போது நம் தலையில் விழும்.

(டர்போ பூட்டிய 2எல் ஹைலக்ஸ் யாராவது காட்டினால், பழகுகிறவர்கள் கைகூப்பிவிட்டு வந்துவிடலாம். சூடு ஏறினால் ஹெட் வெடிக்கும் என்று பெயரெடுத்த எஞ்சின் அது.)

அம்பாறைக்கு அடுத்த நாள் காலையில் போனோம். எல் 200இன் செசியைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்தது. கடற்காற்றுப் படாமல் உள்நாட்டில் ஓடிய வாகனம். சுத்தியலுக்கு மணிச் சத்தம், போல்ட் தலைகள் எல்லாம் ஆறு மூலையோடு இருந்தன. துருப்பிடித்து உருண்டுபோன போல்ட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பழகுகிறவனின் நேரத்தில் பாதியைத் தின்பது எஞ்சின் இல்லை, கழற்ற முடியாத போல்ட்.

ஆனால் எஞ்சின் 4டி56. 2477 சீசீ. ஓடும்போது அதிர்வைக் குறைக்க உள்ளே இரண்டு சமநிலைத் தண்டுகள் சுற்றுகின்றன. அவற்றுக்கென்று தனியாக ஒரு சின்ன பெல்ட். ஆக முன்கவருக்குள் இரண்டு பெல்ட்டு, இரண்டுக்கும் அடையாளம், இரண்டுக்கும் இழுப்புச் சக்கரம். சின்ன பெல்ட் அறுந்தால் அதன் துண்டு பெரிய பெல்ட்டுக்குள் போய்ச் சிக்கி அதையும் கொண்டுபோகலாம். சின்ன பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அதிர்வோடு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஹெட் அலுமினியம், சூடு ஏறினால் தாங்காது. ஒரு நல்லது, வால்வு இடைவெளியை நட்டைத் தளர்த்தித் திருகைத் திருப்பியே சரிசெய்யலாம், தகடு வாங்க ஓடத் தேவையில்லை. இன்னொரு நல்லது, இதே எஞ்சினை ஹூண்டாயும் வேறு பெயரில் செய்து வேன்களுக்கும் சின்ன லொறிகளுக்கும் போட்டது. அதனால் சாமானுக்கு அவ்வளவு பஞ்சம் இல்லை.

நாங்கள் போன நேரம் ஏழு மணி. போனட்டில் கை வைத்தேன், சூடு. ஸ்டார்ட் பண்ணி வைத்துத்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். பழைய டீசல் வாகனம் பார்க்கப் போனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சூடான எஞ்சின், கெட்ட ஹீட்டர் பிளக்கையும் குறைந்த கொம்ப்ரஷனையும் மறைத்துவிடும். தேநீர் குடித்து, அம்பாறைக் கடைத்தெருவைச் சுற்றி, இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தோம். ரேடியேற்றர் ஆறியதும் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். தண்ணீருக்குள் சின்னச் சின்னக் குமிழி விடாமல் வந்தது. ஹெட் கஸ்கட் போயிருக்கலாம், ஹெட்டே வெடித்திருக்கலாம். கழற்றி லேத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தால்தான் எது என்று தெரியும்.

"அதக் கழட்டிப் பழகலாந்தானே மாமா?" என்றான். கேள்வி நியாயம். கழற்றிப் பழகலாம், ஆனால் கழற்றிய பிறகு புது ஹெட் வாங்கக் காசு வேண்டும். பழகுகிற முதல் வேலையே மிகப் பெரிய வேலையாக இருந்தால், அரைவாசியில் நின்று, வாகனம் மாமரத்தின் கீழ் கோழி அடைகிற கூடாகிவிடும். எங்கள் ஊரில் அப்படி நிற்பவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

செங்கலடி நிசான் பார்க்க அழகில்லை. மணல் ஏற்றி ஓடி, பின் ஸ்பிரிங் தட்டுகள் நிமிர்ந்துபோய், பின்பக்கம் குந்தியிருந்தது. ஒரு கதவைப் பிளாஸ்ரிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உள்ளே டிடி27, 2663 சீசீ. இதில் டைமிங் பெல்ட்டே இல்லை. பிஸ்டன்கள் சுற்றும் கிராங்கிலிருந்து கேம் ஷாப்டுக்குப் பல்சக்கரத்தால் சுற்று வருகிறது, கேமிலிருந்து நீண்ட கம்பிகள் மேலே வால்வைத் தள்ளுகின்றன. உழவு மெஷினில் இவன் பார்த்துப் பழகிய அதே முறை. சத்தம் கூட, இழுவைக்குக் குறைவில்லை, அறுவதற்குப் பெல்ட்டு இல்லை. வால்வு இடைவெளிக்கு இடைவெளித் தகடு ஒரு கட்டு, ஒரு ஸ்பானர், ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். மேல்மூடியைத் திறந்தவுடன் எது எதைத் தள்ளுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். பழகுகிறவனுக்கு இதைவிடத் திறந்த புத்தகம் இல்லை என்று நினைக்கிறேன்.

குளிரில் ஸ்டார்ட் ஆனது. முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை, அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. நீலப் புகையாக இருந்தால் எண்ணெய் எரிகிறது என்று விட்டுவிட்டு வந்திருப்பேன். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தபோது மெல்லிய காற்றுத்தான் வந்தது, கொதிகேத்தல் மாதிரி அடிக்கவில்லை. செசியில் துரு உண்டு, ஆனால் சுத்தியலுக்கு நின்றது.

குறை இல்லாமல் இல்லை. எஞ்சின் சாமான் இதே எஞ்சின் பூட்டிய நிசான் கேரவன் வேன் புண்ணியத்தில் கிடைக்கும், ஆனால் ஹைலக்ஸ் மாதிரி முதல் கடையிலேயே இல்லை. இரண்டு மூன்று கடை ஏறி இறங்க வேண்டும். கதவுக் கைப்பிடி, முன் விளக்கு, பம்பர் என்றால் பழைய வாகனம் உடைக்கும் இடங்களில்தான் தேட வேண்டும். விற்கும்போது யாரும் ஓடிவந்து வாங்க மாட்டார்கள். அதோடு, டிஃப்பின் (பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியின்) அடிப்பக்க நட்டைத் தளர்த்திப் பார்த்தேன், எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் வழிந்தது. 2024 கார்த்திகை வெள்ளத்தில் நின்ற வாகனம் என்று பிறகுதான் உண்மை வந்தது. வெள்ளத்தில் நின்ற வாகனத்தை நம் பக்கத்தில் தவிர்க்க நினைத்தால் வாங்குவதற்கே வாகனம் இருக்காது. தண்ணீர் எதுவரை ஏறியது என்பதுதான் கேள்வி. டிஃப்போடு நின்றிருந்தால் எண்ணெயை மாற்றி, சீலும் பேரிங்கும் பார்த்து மீட்கலாம். எஞ்சினுக்குள் போயிருந்தால் வேறு கதை. எஞ்சின் எண்ணெய் பார்க்கும் கம்பியில் எண்ணெய் கறுப்பாகத்தான் இருந்தது, பால் நிறம் இல்லை.

நாலாவதாக ஒன்றை இவனுடைய கூட்டாளி ஒருவன் காதில் போட்டிருந்தான்: லீசிங்கில் ஒரு ஹைலக்ஸ் விகோ. 2004க்குப் பிறகு வந்த அந்த வகையில் டீசல் கொமன் ரெயில் என்ற பொதுக் குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் நிற்கிறது. பழைய எஞ்சினில் செய்வது போல ஓடும்போது நொசில் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்றெடுக்கப் போனால் கையைத் துளைக்கும். கோளாறு கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, மாதத் தவணை கட்டுகிற வாகனத்தைக் கழற்றி ஒரு மாதம் போட முடியாது. உழைப்புக்கு மட்டும் என்றால் 702 சீசீ, இரண்டு சிலிண்டர் டிமோ பட்டா என்ற சின்ன லொறி இதையெல்லாம்விடப் புத்திசாலித்தனம், ஆனால் இவன் ஆசை பெரிய எஞ்சினில்.

எங்கே பழகுவது என்பதிலும் அக்காவுக்கும் இவனுக்கும் இழுபறி. அக்காவுக்கு மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் படித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு வர வேண்டும். வெளிநாடு போனால் அந்தக் கடதாசி கேட்பார்கள் என்பதில் அவ சொல்வது சரி. யூடியூப் போதும் என்பது இவன் கட்சி. யூடியூப்பில் போல்ட் எப்போதும் சுகமாகக் கழன்றுவிடும், அதுதான் அதில் குறை. என் எண்ணம், கொட்டில் வேலையை விடாமல், கெப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெரிய வேலைக்குக் கொட்டில் பாஸைக் கூப்பிட்டுக் கூட நிற்க வேண்டும். வேலை செய்து பெற்ற அனுபவத்தைச் சோதித்து அதே தகைமையைக் கொடுக்கும் வழியும் உண்டு, சான்றிதழை அப்படி எடுக்கலாம். இரண்டு வருடம் கையில் எண்ணெய் பட்டவனை மறுபடி முதலாம் வகுப்பில் இருத்த எனக்கு மனமில்லை.

ஸ்பானர் மாதிரி ஆயுதத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். யப்பான் வாகனத்தில் 10, 12, 14, 17, 19 இந்த ஐந்தும்தான் ஓயாமல் கையில் வரும். பெட்டியாக வாங்கினால் 13 புதுசாகவே கிடக்கும். நல்ல ரிங் ஸ்பானரும் சொக்கட்டும் இந்த அளவுகளில் வாங்கிவிட்டு, டோர்க் ரெஞ்சைக் கொட்டிலில் இரவல் கேட்கலாம். மிச்சக் காசில் இரண்டு இரும்பு ஸ்டாண்ட். நம் மண் மணல். ஜக்கை வெறும் நிலத்தில் வைத்தால் வாகனம் உயராது, ஜக்குத்தான் கீழே போகும். அடியில் தடித்த பலகை, பிறகு ஸ்டாண்ட், பிறகுதான் தலை உள்ளே போகலாம்.

முடிவாக, பழகுவதற்கு நிசான் என்றேன். செசி நல்லதாகவும் இலக்கம் ஒத்ததாகவும் இருந்து, கையில் தாராளமாகக் காசும் இருந்தால் ஹைலக்ஸ் என்று மாற்றிச் சொல்லியிருப்பேனா? அப்போதும் பழக நிசான், வைத்திருக்க ஹைலக்ஸ் என்றுதான் சொல்லியிருப்பேன். குமிழி வராத எல் 200 என்றால் அந்தச் செசிக்காகவே ஒரு இரவு யோசித்திருப்பேன். இவனுக்கு முகம் சுருங்கிப் போனது. ஹைலக்ஸின் படத்தை இன்னும் போனில் வைத்திருக்கிறான், எனக்குத் தெரியும்.

டிஃப்பைக் காட்டி விலையைக் குறைத்து, புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் பார்த்து, புகைப் பரிசோதனை பாஸாகாமல் பிரதேச செயலகத்தில் வருட லைசன்ஸ் எடுக்க முடியாது என்பதையும் சொல்லி எடுத்துக்கொண்டோம். மண்முனைப் பாலத்தால் வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு ஓட்டி வந்தான். 2014இல் பாலம் வருமுன் இந்த மாதிரி வாகனத்தைப் பாதை என்ற மிதவையில் ஏற்றி வாவியைக் கடக்கும்போது, பாதிவழியில் கைபிரேக் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று நான் பயந்த காலம் உண்டு. அதனால் முதல் வாரம் எஞ்சினைத் தொடவே கூடாது, பிரேக் மட்டும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நாலு சில்லையும் கழற்றி, பின் சில்லுச் சிலிண்டர் இரண்டிலும் கசிவு கண்டுபிடித்து, ரப்பர் மாற்றிக் காற்றும் எடுத்துவிட்டான். அடுத்தது டிஃப் எண்ணெய், சீல்.

நேற்று இரவு ஒன்பது மணிக்குக் கோல் எடுத்தான். வால்வு மூடியைத் திறந்துவிட்டானாம்.

"மாமா, எட்டு வால்வு நிக்குது. இதில காத்து வாறது எது, புகை போறது எது?"

"டோர்ச்ச அடிச்சுப் பக்கத்தில மேனிஃபோல்டப் பாரு. எந்தக் குழாய் எந்த வால்வுக்கு நேர போகுதெண்டு பாரு. பார்த்துச் சோக்கால குறி."

"வீட்டில சோக் இல்ல மாமா. தங்கச்சிட நெயில் பொலிஷ் கிடக்கு."

"அப்ப அவளிட்டக் கேட்டிட்டு எடு."